ஈரம் எந்தப் பக்கம்

பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவளை எல்லோரும் கலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளைவிட வயதில் மூத்தவர், அவரும் அப்படித்தான். யாராவது ஒரு சட்டைத் துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்று நீட்டினால் போதும். நிற அட்டையைப் புரட்டாமல், துணியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் கலர் நம்பரைத் தட்டிவிடுவாள். டப்பாவைத் திறந்தால் அதே நிறம் இருக்கும். "உனக்குக் கண்ணுக்குள்ளயே அட்டைய ஒட்டி வச்சிருக்கு" என்பார் முதலாளி.

அன்றைக்கு ஒரு தம்பதி கூடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க வந்து கடையிலேயே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெளிர் மஞ்சள், அந்த அம்மாவுக்கு சாம்பல். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது காட்டி அனுப்பலாம் என்று கலரக்கா அட்டைகளை விரித்தபோது கைப்பேசி அடித்தது. கணவர் ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர்.

"அக்கா, பதறாதீங்க."

பதறாதீங்க என்று ஒருவர் ஆரம்பித்தபிறகு பதறாமல் இருக்க யாரால் முடியும்?

"பாலத்து மேல போயிட்டிருந்தோம். அண்ணன் திடீர்னு வண்டிய ஓரங்கட்டி ஸ்டியரிங் மேலயே சாஞ்சிட்டாரு. மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். இப்ப பரவாயில்ல. நீங்க வாங்க."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாளா என்பதுகூட அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மருந்து ஆவி வரும் முகமூடி. காக்கிச் சட்டையின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. சைக்கிள் டியூபில் காற்றுப் போகும் சத்தம் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அவளைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கி, "பஸ்ல இருந்தவங்க எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்களாம்" என்றார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

டாக்டர் ஒரு பெண். சுருக்கமாகப் பேசுகிறவர்.

"இந்த இழுப்பு வீட்டுல இருக்கும்போது அதிகமா, வேலைக்குப் போனா அதிகமா?"

அவள் யோசிப்பதற்குள் அவரே பதில் சொன்னார். "வீட்டுலதான். காலைல எந்திரிக்கும்போது நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். டிப்போவுக்குப் போயிட்டா சரியாயிடும். இன்னைக்குத்தான் சரியாகல."

கலரக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"வீட்டுச் சுவர்ல பூஞ்சை இருக்கா?"

"அதெல்லாம் இருக்காது டாக்டர். நான் பெயிண்ட் கடையிலதான் வேலை பாக்கறேன். மழைக்காலம் முடிஞ்சதும் வருஷா வருஷம் நானே அடிச்சிடுவேன்."

"நான் பெயிண்டைக் கேக்கலம்மா. சுவரைக் கேக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படுக்கையறை பீரோவை நகர்த்தினாள். குடியிருப்பது வாடகை வீடு, தரைத்தளம். பீரோவுக்குப் பின்னால் ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. தொட்டால் கையில் ஒட்டியது. பக்கத்திலேயே அவள் போன வருஷம் அடித்த பெயிண்ட், கடையில் இருப்பதிலேயே உயர்ந்த சரக்கு, கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. நகத்தால் கீறினாள். ஒரு தாள் போல உரிந்து வந்தது. அதற்கு அடியில் போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துப் பெயிண்ட். அதற்கும் அடியில் நனைந்த சாம்பல் மாதிரி ஏதோ ஒன்று. ஊருக்கு வெளியே விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் லீவுக்கு வரும்போதெல்லாம், "நம்ம வீட்டுக்கு வந்தாதான்மா எனக்கு ஜலதோஷமே பிடிக்குது" என்பாள். மூவரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஈரச்சுவர்ப் பிரச்சினையோடு வருகிற வாடிக்கையாளர்களுக்குக் கடையில் ஒரு யோசனை சொல்வது வழக்கம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை ஒரு முழம் அளவுக்கு வெட்டிச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள், மறுநாள் பாருங்கள், தாளின் முன்பக்கம் தண்ணீர் துளித்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஆவி, பின்பக்கம் துளித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. யார் யாருக்கோ சொன்னதை இன்றைக்கு அவள் தன் வீட்டில் செய்தாள். மறுநாள் தாளின் பின்பக்கம் முத்து முத்தாக நின்றது தண்ணீர்.

ஆக, சுவர் முழுக்க ஈரம். வெளியே போக வழி தெரியாத ஈரம். அதற்குத்தான் அவள் வருஷா வருஷம் பளபளவென்று மூடி போட்டு வந்திருக்கிறாள்.

டிப்போவில் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து மருத்துவப் பரிசோதனை, அதில் தேறினால்தான் மறுபடி வண்டி. அதுவரை நேர அலுவலகத்தில் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது வெளியே போகிறது என்று பார்க்கவேண்டும். "போற வண்டிக்கெல்லாம் டாட்டா காட்டுற வேலை" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். வலதுகால் மட்டும் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல மெல்ல அசையும்.

அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுவது அவருடைய தம்பி. கான்ட்ராக்டர். ஊரில் பாதித் தெரு அவர் கட்டியது. அஸ்திவாரம் முடிந்து, தரைமட்டத்துக்கு மேல் கொஞ்சம் எழுப்பி நிறுத்தியிருந்தார். இனி சிமென்ட் பிளாக் வைத்துச் சுவர், சிமென்ட் பூச்சு, அதை வழவழப்பாக்கப் பட்டி, பிரைமர், மேலே பெயிண்ட். படுக்கையறைக்குள் ஈரம் தெரியாமல் இருக்க ஜிப்சம் பலகை அடித்துவிடலாம் என்றும் பேச்சு இருந்தது. எந்த அறைக்கு என்ன நிறம் என்று கலரக்கா ஆசை ஆசையாக எடுத்துவைத்திருந்த அட்டைகள் இன்னும் அவள் கைப்பையிலேயே இருந்தன.

இப்போது அவளுக்கு நிறம் மறந்துபோனது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். சுண்ணாம்புதான் சுவருக்கு உயிர் என்றார் ஒருவர். மண் பூச்சுக்கு ஈடே இல்லை என்றார் இன்னொருவர். அதெல்லாம் பழங்கதை, நல்ல பெயிண்டாக அடியுங்கள் என்றார் மூன்றாமவர். கடைசியில் அவள் தன் கண்ணையே நம்புவது என்று முடிவுசெய்தாள். கடையின் பின்கட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில் வெயில் படாத மூலையில் ஒரு அகலத் தட்டை வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். அதில் நாலு துண்டுகளை நிறுத்தினாள். சிமென்ட் பிளாக்கில் பூச்சு, பட்டி, பெயிண்ட். இன்னொரு பிளாக்கில் ஒட்டிய ஜிப்சம் பலகை. சுட்ட செங்கல்லில் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும். இன்னொரு செங்கல்லில் மண் பூச்சு. பூச்செல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறுத்தினாள். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிவந்தாள்.

வாரங்கள் போயின. பலகையின் காகித முதுகில் எலிக்குட்டி ரோமம் போல ஏதோ முளைத்தது. பெயிண்ட் அடித்தது வெளியே பார்க்க அழகாக இருந்தது. கீறினால் உள்ளே கறுப்புப் புள்ளிகள். மண் பூச்சு ஈரத்தைச் சமர்த்தாகக் குடித்து வெளியே விட்டது, ஆனால் தண்ணீர் தொட்ட அடிப்பகுதி குழைந்து தட்டில் உட்கார்ந்துவிட்டது. சுண்ணாம்புக்காரன் அடியில் நனைந்து இருண்டிருந்தான், மேலே போகப் போகக் காய்ந்து வெளுத்திருந்தான். ஒரு புள்ளி இல்லை.

முதலாளி ஒருநாள் பின்கட்டுக்கு வந்து இதைப் பார்த்துவிட்டார்.

"கலரக்கா, என்ன இது? கஸ்டமர் யாராவது பாத்ரூம் போற வழியில இதப் பாத்தா, கடைய நானே இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"உங்க சரக்கக் குத்தம் சொல்லல முதலாளி. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அவர் குனிந்து நாலையும் பார்த்தார். "நனைஞ்ச சுவர்ல அடிக்காதேன்னு டப்பாவுலயே போட்டிருக்கான். விக்கிற நாமளும் படிக்கறதில்ல, வாங்கறவனும் படிக்கறதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாத்தாச்சுல்ல? சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

அவள் நாலையும் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, வீடு எழும்பும் இடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கான்ட்ராக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். தன் பிளாக்கையும் தன் பலகையையும் பூஞ்சையோடு வரிசையாக நிறுத்தி வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? வேலையாட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

"அண்ணி, இது என்ன, எனக்குப் பரீட்சையா?"

"அப்படியில்ல தம்பி. உங்க அண்ணனுக்காகத்தான் கேக்கறேன். செங்கல்லு வச்சு சுண்ணாம்பு பூசிடலாமே. மேல பெயிண்டே வேணாம், சுண்ணாம்பு வெள்ளை போதும்."

"பெயிண்ட் கடைக்காரங்களே பெயிண்ட் வேணாம்னா நல்லா இருக்கு. மழைக்கு முன்னாடி கூரை போடணுமா வேணாமா? சுண்ணாம்பு காய்ற வரைக்கும் யாரு காத்திருக்கறது? இருக்கற வேலைய விட்டுட்டு நனைஞ்ச சாக்கு போத்திப் போத்தி அதத் தாலாட்டிட்டு இருக்க முடியுமா?"

"வீட்டுக்குள்ள சமைக்கற ஆவி, குளிக்கற ஆவி, நம்ம மூச்சு, எல்லாம் எங்க தம்பி போகும்?"

"ஜன்னல் வழியாப் போகும். அதுக்குத்தானே ஜன்னல்?"

"மழைக்காலத்துல யாரு ஜன்னலத் திறந்து வைக்கறா?"

"அப்ப தப்பு உங்க மேலயா, சுவரு மேலயா?" என்று கேட்டுவிட்டு அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுண்ணா. நான் கட்டின வீட்டுல எவனாவது செத்திருக்கானா?"

டிரைவர் மணல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத் தம்பி தனக்கு எதிரானதாக எடுத்துக்கொண்டார்.

"சரி. உங்க வீடு, உங்க இஷ்டம். வேற ஆளப் பாத்துக்குங்க."

மறுநாள் சாரத்துக் கம்புகளையும் பலகைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அரைகுறையாக நின்ற அஸ்திவாரம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றாள் கலரக்கா வீட்டில்.

"பேசறதுக்கு மூச்சு வேணுமே" என்றார் அவர். பிறகு, "அவன நான் தூக்கி வளத்தேன். உன்னால அவன் முகத்தைப் பாக்க முடியாமப் போச்சு" என்றார். அதன்பிறகு பல நாள் இருவருக்கும் நடுவில் சாப்பிட வா, விளக்கை அணை என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

அவள் தேடிப் பிடித்தது கணவன் மனைவியாகக் கொத்துவேலை செய்யும் ஒரு ஜோடி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துச் சுண்ணாம்பில் கைபழகியவர்கள். சுவர் செங்கல்லில் ஏறியது. கூரையும் போட்டாயிற்று. சுண்ணாம்பை முன்கூட்டியே ஊறவைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகக் காத்திருந்து அடுத்த பூச்சு என்று வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. வெயில் அடித்தால் வெடிப்பு விடும் என்று ஈரச்சாக்கு தொங்கவிட்டார்கள். கலரக்கா வேலைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். வாடகை வீட்டில் படுக்கையறையைப் பூட்டிவிட்டு முன்னறையில் படுத்தார்கள். அவர் படுப்பதே இல்லை, நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குவார். விடிகிற நேரத்தில் அவர் நெஞ்சு விசிலடிக்கும். கண்ணை மூடிக்கொண்டே அவள் அதைக் கேட்பாள். இந்தச் சுவரும் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடும்.

உட்பூச்சு முடிந்து கதவு ஜன்னல் மாட்டும் வேலை நடந்தபோது முதல் மழை பெய்தது. பெரிய மழை. மறுநாள் காலை அவள் போய்ப் பார்த்தபோது படுக்கையறைச் சுவரின் அடியில், கட்டில் தலைமாடு வரவேண்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருநிழல் தெரிந்தது.

நிழல்தான் என்று நினைத்து ஜன்னல் கதவைத் திறந்தாள். நிழல் போகவில்லை. உள்ளங்கையை வைத்தாள். ஜில்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியோடு பகை, கணவரோடு மௌனம், இத்தனை மாதம் தாமதம், எல்லாம் இந்தச் சுவருக்காக. அந்தச் சுவர் குடிவருவதற்கு முன்னாலேயே நனைந்து நிற்கிறது. கொத்துக்காரம்மா வந்து பார்த்து, "மழைத் தண்ணி எங்கயாவது உள்ள வந்திருக்கும்க்கா, காஞ்சிடும்" என்றாள். அவள் குரலிலும் உறுதி இல்லை.

கலரக்கா பையிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்து ஒட்டினாள். மறுநாள் தாளின் பின்பக்கம் துளிகள்.

அவரிடம் சொல்லவில்லை. ஒரு பலகையை அந்த இடத்தில் சாய்த்து மறைத்து வைத்தாள். சாயந்திரம் டிப்போவிலிருந்து அவர் நேராக அங்கே வந்தபோது அவரை முதலில் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனாள். அவர் அறை அறையாகப் பார்த்துவிட்டு, உட்கார ஏதாவது கிடைக்குமா என்று தேடி, அந்தப் பலகையையே எடுத்தார்.

குனிந்து அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம். சண்டை போட்டது நான். நானே போறேன்."

கான்ட்ராக்டர் வேறொரு தெருவில் ஒரு மாடி வீட்டின் சாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி வருவதைப் பார்த்தார். இறங்கவில்லை. அவள் கீழே நின்று அண்ணாந்து, ஆட்கள் எல்லாரும் கேட்கவே சொன்னாள்.

"தம்பி, என் சுவர் நனையுது."

அவர் கரணையால் ஒரு விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த விளிம்பில் தேய்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. பிறகு, "அண்ணன் அங்க படுக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

இறங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் உள்ளே போகவே இல்லை. வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து படுக்கையறைச் சுவருக்கு நேராக நின்றார். அங்கே சுவரை ஒட்டி நீளமாக மண் கொட்டி மேடாக்கி இருந்தது.

"இது யாரு வேலை?"

"நான்தான். செடி வைக்கலாம்னு..."

அவர் ஒரு கம்பியை எடுத்து மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் குத்தினார். கம்பி சரசரவென்று உள்ளே போய் ஈரத்தோடு வந்தது. குனிந்து கையாலேயே மண்ணை வாரித் தள்ளினார். கொஞ்ச ஆழத்தில் சுவரை வளைத்து ஓடும் கறுப்புப் பட்டை ஒன்று தெரிந்தது.

"இது நான் போட்ட ஈரத்தடுப்பு. தரையில இருக்கற தண்ணி மேல ஏறாம இருக்கத்தான் அஸ்திவாரத்து மேல போட்டேன். இதுக்கு மேல சுவர் காத்துல நிக்கணும். நீங்க அதத் தாண்டி மண்ணக் குமிச்சு வச்சிருக்கீங்க. மழை மண்ணுல விழுது, மண்ணு சுவர நனைக்குது. சுண்ணாம்பா இருந்தா என்ன, தங்கத்துலயே பூசினா என்ன?"

கலரக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அதோடு நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதும் உண்மை. காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்த ஈரத்தோடு மல்லுக்கட்டலாம்.

அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மழை இந்த மண்ணில் இறங்கினால் சுவர் இன்னும் மேலே நனையும். கான்ட்ராக்டர் மண்வெட்டியை எடுத்தார். கலரக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைப் பிடித்தாள். பாதி தூரம் தோண்டியபோது டிரைவர் வந்து சேர்ந்தார். தம்பி வெட்டுவதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. இன்னொரு மண்வெட்டியை எடுத்தார்.

"நீங்க வேணாம். கீழ வைங்க" என்று அவள் ஓடிவந்து பிடுங்கப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கு நான் நாலு கூடை மண்ணு அள்ளக் கூடாதா?"

"அண்ணா, நான் பாத்துக்கறேன், விடு" என்றார் தம்பி.

அவர் விடவில்லை. வெட்டினார். முதல் தூறல் விழுந்தபோது அவர் கை நின்றது. மண்வெட்டி நழுவியது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. அந்த விசில் சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தம்பி அசையாமல் நின்றார். அண்ணனுக்கு இழுப்பு என்று காதால் கேட்டிருக்கிறாரே தவிர, அதைக் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. "அண்ணா, அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிட்டே போகவும் தெரியவில்லை, விலகவும் தெரியவில்லை.

கலரக்கா கூடையை எறிந்துவிட்டு வந்து அவர் சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்துக் குலுக்கி வாயில் வைத்தாள். "என்னையே பாருங்க. மெதுவா. இழுங்க. வெளிய விட வேணாம், கொஞ்சம் பிடிங்க. இப்ப விடுங்க." இன்னொரு தடவை அழுத்தினாள். அவரைத் தாங்கிக் கொண்டுபோய்க் கூரைக்கு அடியில் உட்காரவைத்தாள். அவர் உதட்டின் நீலம் போகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. தோள்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. கடைசியில் அவர், "மண்ணு..." என்றார்.

"மண்ணு கிடக்கட்டும்."

வெளியே மழை வலுத்திருந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி அந்த மழையில் தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு பேயைத் துரத்துகிறவர் மாதிரி வெட்டினார். கறுப்புப் பட்டை முழு நீளத்துக்கும் வெளியே தெரிகிறவரை நிறுத்தவில்லை. பிறகு சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் கீறிவிட்டு, தார்ப்பாயை இழுத்துச் சுவரில் சாய்த்துக் கட்டிவிட்டு உள்ளே வந்தார். அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மழையாலும் இருக்கலாம்.

"இப்படி வரும்னு எனக்குத் தெரியாது அண்ணி" என்றார். "சும்மா ஜலதோஷம்னு நினைச்சுட்டேன்."

தலையைத் துவட்டிக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

சுவர் ஒரே நாளில் காய்ந்துவிடவில்லை. கருநிழல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒருநாள் சுருங்கும், மழை பெய்தால் இரண்டு நாள் அப்படியே நிற்கும், அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தம்பி உலர்ந்த பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டார், திரும்பப் பூத்தது, திரும்பத் தட்டிவிட்டார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த இடம் எது என்று கேட்டால் காட்டுவது கஷ்டமாகிவிட்டது. பெயிண்ட் மூடி இருந்திருந்தால் அந்த ஈரம் இன்றைக்கும் உள்ளேதான் இருந்திருக்கும் என்று தம்பியே ஒருநாள் சொன்னார். சொன்ன கையோடு, "அதுக்காக எல்லாருக்கும் சுண்ணாம்புல கட்டிட்டு இருக்க முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மிச்ச வேலையை அவர்தான் முடித்தார். அந்தக் கொத்து ஜோடியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஜிப்சம் பலகையைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. குளியலறையில் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், டைல்ஸ்தான் என்று பிடிவாதமாக நின்றார். சமையலறையிலும் குளியலறையிலும் உயரத்தில் காற்றுத் துவாரம் வைத்து, மூட முடியாதபடி கம்பிவலை அடித்தார். "மழைக்காலத்துல யாரு ஜன்னலத் திறக்கறான்னு கேட்டீங்கல்ல? இத மூடவே முடியாது" என்றார். கலரக்கா தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டாள். சமையல் ஆவி போக வழி கிடைத்ததில் உள்ளூர அவளுக்குச் சந்தோஷம்தான்.

பரிசோதனை நாளன்று அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழாயில் ஊதச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதல் தடவை ஊதியது போதவில்லை போலும், மறுபடி ஊதச் சொன்னார்கள். டாக்டர் ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வெளியூர் ரூட் கிடையாதாம். டவுன் பஸ்தான். மருந்தும் பக்கத்துலயே இருக்கணும்."

"அப்ப ஓட்டலாமா?"

"ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகத் திரும்பிக்கொண்டார். நடைபாதைச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

புதுவீட்டில் அவர் படுத்துத் தூங்குகிறார். இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. தூசி கிளம்பினால் வரும், குளிர் அதிகமானால் வரும். காலையில் நெஞ்சின் மேல் யாரும் உட்காருவதில்லை, அது போதும் என்கிறார். கடையில் கலரக்கா ஈரச்சுவர் என்று யார் வந்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பெயிண்ட் தருகிறேன் என்கிறாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனாலும் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வந்த வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்களே.

போன வாரம் கான்ட்ராக்டர் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து, மதில் சுவரை இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, அடுத்த வாரம் பிளாக் இறக்கிவிடுகிறேன் என்றார்.

"பிளாக்கா?" என்றாள் கலரக்கா.

"அண்ணி, அது மதிலு. அதுக்கு எதுக்கு மூச்சு?"

டிரைவர் மெல்ல எழுந்து, இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும் என்று தெருப்பக்கம் நடந்தார்.